கரை வழி

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தடிக்காரன்கோணத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மலைமேல் பனி இன்னும் கலையவில்லை. நாகர்கோவிலிலிருந்து ஐந்தாறு இளைஞர்கள் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். சைக்கிள் என்று சொல்லிவிட்டேனே தவிர, எனக்குத் தெரிந்த சைக்கிளுக்கும் அவற்றுக்கும் தூரத்து உறவுதான். கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, மணி இல்லை. டயர் மட்டும் நல்ல தடிமன். விலையை விசாரித்தேன். ஒரு பையன் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, ஆறிப்போன டீயை மறுபடியும் ஊதிக் குடித்தேன்.

அந்தப் பையன் மரியாதை தெரிந்தவன். என் கிழட்டுச் சைக்கிளையும் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஐரோப்பாவிலே ஆல்ப்ஸ் மலைக் கிராமங்கள்ல இதுக்குன்னே பாதை இருக்கு சார். கார் கிடையாது, லாரி கிடையாது. சரளைக் கல் பாதையிலே நாள் முழுக்க ஓட்டிக்கிட்டே போகலாம். நம்ம ஊர்ல அந்த மாதிரி எங்கே இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் காலடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் அப்படி ஒரு பாதை கிடந்தது. ஆனால் சிரித்த கையோடு வேறு ஒரு ஞாபகமும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு சிரிக்க முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பையனுக்கு நான் அன்று சொல்லாமல் விட்ட பதில்.

முதலில் பாதையைப் பற்றிச் சொல்கிறேன். நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரண்டு பழைய தாலுகாக்களின் பெயர். கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களோடு சேர்ந்து 1956 நவம்பர் முதல் தேதி திருவிதாங்கூர்-கொச்சியின் பிடியிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்து, கன்னியாகுமரி ஜில்லா ஆயிற்று. வரைபடத்தில் பார்த்தால் சின்னஞ்சிறு ஜில்லா. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலை தன் கடைசிப் பெருமூச்சை விடுகிற இடம் இது. மலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற கொஞ்ச மண்ணில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு இரண்டு போகம் நெல் விளைந்தது. அந்த நெல்லுக்காகத்தான் பாண்டியனும் சேரனும் வேணாட்டு ராஜாக்களும் இந்தப் பக்கம் மாறி மாறிப் படை நடத்தினார்கள்.

நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும். கோதையாறும் பறளியாறும் மலையிலிருந்து இறங்கி மேற்கே ஓடிக் கடலில் கலந்துவிடும். வயல்களோ கிழக்கே பழையாற்றின் இரு பக்கமும் கிடக்கின்றன. மேற்கே ஓடுகிற தண்ணீரைக் கிழக்கே திருப்புவதுதான் இந்த நாட்டின் ஆயிரம் வருஷத்துச் சரித்திரம் என்று சொன்னால் அது மிகையில்லை. பறளியாற்றை மறித்துப் பழையாற்றோடு இணைத்த பாண்டியன் அணை யாருடைய காலத்தது என்பதை அதன் பெயரே சொல்லிவிடுகிறது. அதற்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் புத்தன் அணை மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் காலத்தது. அவர் 1729 முதல் 1758 வரை ஆண்டவர். பத்மநாபபுரம் பக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவதற்காக அது கட்டப்பட்டது.

பிறகு வந்தது பேச்சிப்பாறை. ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில் 1897-இல் வேலை தொடங்கி 1906-இல் முடிந்தது. ஏறத்தாழ 26 லட்சம் ரூபாய் செலவு. பொறுப்பு வகித்த இஞ்சினீயர் மிஞ்சின் என்ற வெள்ளைக்காரர். ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் 'மூக்கன் துரை'. துரையின் மூக்கைப் பற்றி நாம் யூகித்துக்கொள்ளலாம். அந்த மனிதர் அணையைக் கட்டி முடித்ததோடு இந்த மண்ணை விட்டுப் போகவில்லை. அவருடைய சமாதி அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ராஜாவின் பெயரை மறந்திருப்பார்கள், மூக்கன் துரையை மறந்ததில்லை. தண்ணீர் கொடுத்தவனை இந்த நாடு லேசில் மறப்பதில்லை.

அணை கட்டினால் போதுமா? தண்ணீரை வயலுக்குக் கொண்டுவர வேண்டும். கோதையாற்று இடது கரைச் சானல், தோவாளைச் சானல், அனந்தனார் சானல், நாஞ்சில்நாட்டுப் புத்தனாறு என்று பல கிளைகள். கால்வாய் என்று எழுதுவோமே தவிர, பேசும்போது எங்கள் ஊரில் யாரும் கால்வாய் என்று சொல்வதில்லை, சானல்தான். இந்தச் சானல்களின் கரைமேல் ஓடுகிற மண் பாதைதான் நான் அந்தப் பையனுக்குக் காட்டியிருக்க வேண்டிய பாதை.

சானல் கரையில் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும், அந்த சுகம் தார் ரோட்டில் கிடையாது. காரணம் எளிது. சானல் வெட்டுகிறவன் தண்ணீரின் உயரத்தை வீணாக்க மாட்டான். மைலுக்கு ஓரடி, இரண்டடி மட்டும் சரிவு கொடுத்து, குன்று குறுக்கிட்டால் அதன் இடுப்பைச் சுற்றி வளைத்துக்கொண்டு போவான். எனவே பக்கத்தில் மலையே நின்றாலும், கரை மட்டும் தட்டையாகவே இருக்கும். ஏற்றமும் தெரியாது, இறக்கமும் தெரியாது. தண்ணீர் போகும் திசையில் போனால் யாரோ பின்னாலிருந்து மெல்லத் தள்ளுவதுபோல இருக்கும். தோவாளைச் சானல் கரையில் காலை வேளையில் போனால் ஒரு பக்கம் தாடகை மலை, மறு பக்கம் தென்னையும் வாழையும் வயலும். எதிரே வருகிறவர்கள் எருமையைக் குளிப்பாட்ட ஓட்டிவரும் பையன்களும், துணி துவைக்க வரும் பெண்களும், புல்லுக்கட்டுக்காரர்களும்தாம். மரகதப் பச்சை என்றெல்லாம் நான் வர்ணிக்கப் போவதில்லை. நேரில் போய்ப் பாருங்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள பாக்கியம் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஸ்விட்ஜர்லாந்தில் வாலே என்றொரு மாநிலம் இருக்கிறது. அங்கேயும் பனிமலைத் தண்ணீரைப் பாறையின் விலாவைக் குடைந்து வயலுக்குக் கொண்டுவந்தார்கள், பல நூற்றாண்டுகளுக்கு முன்னால். அந்த வாய்க்கால்களைப் பிரெஞ்சு பேசுகிறவர்கள் 'பிஸ்' என்கிறார்கள். வாய்க்காலைக் காவல் காப்பவன் நடந்த ஒற்றையடிப் பாதையில் இன்று உலகத்தின் உல்லாசப் பிரயாணிகள் நடக்கிறார்கள். ஆக, அந்தப் பையன் ஆல்ப்ஸில் தேடியதும் அடிப்படையில் ஒரு சானல் கரைதான்!

சமவெளிப் பாதை இப்படி என்றால், மலைப் பாதைக்கு வேறு கதை. அஷம்பு மலை என்று எங்கள் மலைத்தொடருக்குப் பெயர். காணிக்காரர்கள் தேனுக்கும் கிழங்குக்கும் நடந்த தடங்கள்தாம் அங்கே ஆதி வழிகள். 1860-களில் வெள்ளைக்காரத் துரைமார்கள் காப்பி போட வந்தார்கள். காப்பிக் கொட்டையைத் துறைமுகத்துக்கு இறக்க வேண்டுமே? முதலில் தலைச்சுமடு, பிறகு மாட்டு வண்டி. பாரம் இழுக்கிற மாடு செங்குத்தாக ஏறாது. பொதுவாக இருபதடிக்கு ஓரடிக்கு மேல் ஏற்றம் வைத்தால் மாடு மூச்சு வாங்கிவிடும். ஆகவே மலையை வளைத்து வளைத்து மெல்ல ஏறும் வண்டிப் பாதைகளை வெட்டினார்கள். மாட்டுக்காக வெட்டிய அந்த ஏற்றம் சைக்கிளுக்கும் பொருத்தமாக அமைந்துவிட்டது. கீரிப்பாறைக்கு மேலே பாலமோர் பக்கம் போகிற பாதையை நான் வாலிபத்தில் இறங்காமல் ஏறியிருக்கிறேன். இப்போது இறங்கித் தள்ளுகிறேன். மாட்டுக்கும் எனக்கும் வயதாகிவிட்டது.

காப்பி நிலைக்கவில்லை. 1869-இல் இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்ட இலைத் துரு நோய் சில வருஷங்களில் கடல் தாண்டி இங்கேயும் வந்தது. தோட்டங்கள் பாழாயின. தேயிலை வந்தது. பின்னால் ரப்பர் வந்தது. இந்த இடத்தில் சைக்கிளுக்கும் எங்கள் மலைக்கும் ஒரு விசித்திரமான சம்பந்தம் ஏற்படுகிறது. 1876-இல் விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேஸில் தேசத்திலிருந்து சுமார் எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்தன. 1888-இல் பெல்பாஸ்ட் நகரத்து மாட்டு வைத்தியர் டன்லப், தன் மகனுடைய மூன்று சக்கர வண்டி கல்லில் குலுங்குவதைப் பார்த்துப் பொறுக்காமல், காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்தார். பிறகு உலகம் முழுவதும் சைக்கிள் பைத்தியம். ரப்பருக்குக் கிராக்கி. 1902-இல் மலையாளத்துப் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் வியாபாரத்துக்காக ரப்பர் நட்டார்கள். தெற்கே நம் மலைச் சரிவுகளுக்கும் மெல்ல அது பரவியது. சரளைக் கல்லில் ஒரு சிறுவனுக்கு முதுகு வலிக்கக் கூடாது என்று ஒரு தகப்பன் நினைத்ததற்கும், கீரிப்பாறையில் இன்று விடியற்காலையில் ஒருத்தி தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டுவதற்கும் இப்படித் தொடர்பு இருக்கிறது.

அந்தப் பெண்ணும் பெரும்பாலும் ஒரு பழைய பிரயாணத்தின் முடிவில் வந்தவள். காப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் தமிழ்நாட்டிலிருந்து லட்சக்கணக்கான ஏழைகள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். தென் திருவிதாங்கூரிலிருந்தும் போனார்கள். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, அவர்களுடைய பேரன் பேத்திகள் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பப்பட வேண்டியவர்கள் ஆனார்கள். அப்படித் திரும்பியவர்களில் சிலருக்குச் சர்க்கார் இந்த ரப்பர் தோட்டங்களில் வேலை கொடுத்தது. அரசு ரப்பர் கழகம் 1984-இல் ஏற்பட்டது. தோட்டப் பாதையில் வாகன நடமாட்டம் இல்லை என்று நாம் சந்தோஷப்படுகிறோம். நாம் வருவதற்கு முன்பே விடிகாலையில் அந்தப் பாதையில் ஒரு பெரிய கூட்டம் நடந்து போயிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது.

பழைய ராஜபாட்டைகளின் ஓரத்தில் இன்றும் சில இடங்களில் சுமைதாங்கிக் கற்களைப் பார்க்கலாம். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்கள். தலைச்சுமையை யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கிற உயரம். ரஸ்தா என்பது ஒரு காலத்தில் வண்டிக்காக ஏற்பட்டதல்ல, காலுக்கும் தலைக்கும் ஏற்பட்டது என்பதற்கு அந்தக் கற்கள் சாட்சி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக 1809 பிப்ரவரியில் கும்பினிப் பட்டாளம் உள்ளே வந்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு, மாதவராவ் திவானாக இருந்த 1858 முதல் 1872 வரையிலான காலத்தில், சமஸ்தானத்தில் பெரிய ரஸ்தாக்கள் பெருகின. அவரை எல்லாச் சரித்திரப் புஸ்தகமும் புகழ்கிறது. புகழட்டும். ஆனால் சர்க்கார் வேலைக்குக் கூலியில்லாமல் ஆளைப் பிடித்துப் போகிற 'ஊழியம்' என்ற வழக்கம் அந்த ராஜ்யத்தில் இருந்தது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1855-இல்தான். கல்லுடைத்தவர்களிலும் மண் சுமந்தவர்களிலும் பலருக்கு, பாதை முடிந்த பிறகு அதன் மேல் நடக்க உரிமை கிடையாது.

1865-இல் திருவிதாங்கூர் சர்க்கார் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பொது ரஸ்தாக்கள் எல்லா ஜாதியாருக்கும் பொது என்றது அது. 1884-இல் அதை மறுபடியும் உறுதி செய்தது. வாசகர்கள் அவசரப்பட்டுக் கைதட்ட வேண்டாம். பொது ரஸ்தா என்றால் எது என்ற கேள்வி வந்தபோது, ராஜவீதி வேறு, கிராமவீதி வேறு என்று ஒரு வியாக்கியானம் பிறந்தது. ராஜவீதி எல்லாருக்கும், கிராமவீதி அவரவர் வழக்கப்படி. கோயிலைச் சுற்றிய தெருவெல்லாம் கிராமவீதி ஆயிற்று. சட்டம் ஒரு கையால் கொடுத்ததை வியாக்கியானம் மறு கையால் வாங்கிக்கொண்டது.

1893-இல் திருவனந்தபுரத்துக்குத் தெற்கே வெங்ஙானூரில் அய்யன்காளி என்ற புலையர் குல வாலிபர் ஒரு வில்வண்டி வாங்கினார். இரண்டு வெள்ளைக் காளைகளைப் பூட்டினார். தலைப்பாகை கட்டிக்கொண்டு, தடுக்கப்பட்ட ரஸ்தாவில் ஓட்டிப் போனார். அடிதடி நடந்தது. அவர் நிறுத்தவில்லை. இந்தியாவில் வாகனம் என்பது சௌகரியத்துக்காக மட்டும் ஏற்பட்டதல்ல என்பதை அந்த வில்வண்டியைவிடத் தெளிவாகச் சொன்ன வண்டி வேறு இல்லை.

1924-25-இல் வைக்கம் சத்தியாக்கிரகம் நடந்தது. கோயிலைச் சுற்றிய நான்கு பாதைகளில் மூன்று பக்கம் திறந்தது, கிழக்கே முழுமையாகத் திறக்கவில்லை. 1926 ஜனவரியில் அந்தத் தீ எங்கள் வீட்டுப் பக்கத்துக்கே வந்தது. சுசீந்திரத்தில் தாணுமாலயன் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கிற உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. முன் நின்றவர்களில் முக்கியமானவர் கோட்டாற்றுக்காரரான டாக்டர் எம். இ. நாயுடு. பூதப்பாண்டியில் 1907-இல் பிறந்த ஜீவானந்தமும் அந்தப் போராட்டங்களில் கலந்துகொண்ட வாலிபர்களில் ஒருவர். முழு வெற்றி உடனே கிட்டவில்லை. 1930-இல் மறுபடியும் கிளர்ச்சி நடந்தது. 1936 நவம்பர் 12-ஆம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனம் செய்தார். கோயிலே திறந்த பிறகு தெருவைப் பற்றிச் சட்டத்தில் கேள்வி இல்லை.

சட்டத்தில் இல்லை என்றுதான் சொன்னேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய ராலே சைக்கிள் இருந்தது. வயல் வேலைக்கு வருகிற ஒரு பெரியவர்தான் அதில் என்னைக் கணக்கு வாத்தியார் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவார். 1962 என்று ஞாபகம், எனக்குப் பத்து வயது. அவருக்கு அறுபது இருக்கும். பார் கம்பியில் ஒரு துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்துக்கொள்வார். அவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். 'நீ' என்றுதான் பேசினேன். என் தாத்தாவின் வயதுக்காரர். எங்கள் வீட்டில் யாரும் அதைத் தவறு என்று சொல்லிக் கொடுக்கவில்லை, எனக்காகவும் தோன்றவில்லை. அவர் என்னைச் 'சின்னப் பிள்ளே' என்பார்.

வாத்தியார் வீடு சுசீந்திரத்துத் தேரோடும் தெரு ஒன்றில் இருந்தது. தேரூர்ப் பக்கத்திலிருந்து பெரிய ரோடு வழியாகப் போனால் கால் மணி நேரம். அவர் ஒரு நாளும் அந்த வழியில் போனதில்லை. குளத்தங்கரை, வாய்க்கால் கரை, பழையாற்றங்கரை என்று சுற்றிச் சுற்றிப் போவார். எனக்கு அது பரம சந்தோஷம். தாமரை பறித்துக் கொடுப்பார். நீர்க்காகத்தைக் காட்டுவார். எந்தக் கரை எந்த மாதம் சேறாகும், எந்த மடை மேல் பலகை போட்டிருக்கும், எந்த இடத்தில் கரை உடைந்திருக்கும் என்று அவருக்கு மனப்பாடம். நாஞ்சில் நாட்டின் கரைகளை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். பின்னாளில் நான் எழுதிய கதைகளில் வருகிற கரைகளெல்லாம் அவருடைய கரைகள்.

தெரு முனைக்கு வந்ததும் இறங்கிவிடுவார். என்னை இறக்கிவிட்டு, "போயிட்டு வாங்க. நான் குளத்தங்கரையிலே நிக்கேன்" என்பார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுவார்.

ஒரு நாள் நல்ல மழை. வாத்தியார் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவிடு என்று அடம் பிடித்தேன். அவர் தெரு முனையில் நின்றார், நகரவில்லை.

"இந்தத் தெருவிலே நீ சவுட்டக் கூடாதா?" என்று கேட்டேன்.

"சவுட்டலாம், சின்னப் பிள்ளே. ராசா சொல்லியாச்சு. இப்ப ராசாவும் போயாச்சு."

"பின்னே?"

"மனசு போலாம்னு சொல்லும். காலு நின்னுரும்."

அவ்வளவுதான். நனைந்துகொண்டே நான் ஓடினேன். திரும்பும்போது ஏதோ கேட்டேன் போலிருக்கிறது. அவர் தாமாகச் சொன்னார்: "நாயுடு டாக்டர் ஆளுவ இங்கே பாட்டுப் பாடி நின்னப்போ நான் வயல்லே நின்னேன். கும்பப்பூ கதிர் வாங்குன நேரம். பாட்டுச் சத்தம் கேட்டுது. போயிருக்கலாம். போகல்லே."

பிரகடனம் வந்து இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. சமஸ்தானம் போய், சுதந்திரம் வந்து, ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்தாகிவிட்டது. 1938 முதல் சர்க்கார் பஸ் அந்தப் பெரிய ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். அம்பத்தூரிலும் லூதியானாவிலும் சைக்கிள் தொழிற்சாலைகள் வந்து, கூலிக்காரனும் சைக்கிள் வாங்கலாம் என்கிற காலம். எல்லாம் மாறியிருந்தது, அந்தக் கால் மாறவில்லை.

அவர் கரை வழிகளை ஏன் அவ்வளவு நன்றாக அறிந்திருந்தார் என்பது வெகு காலத்துக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. அழகுக்காக அவர் அந்த வழியில் போகவில்லை. அவருடைய தகப்பனாருக்கும் பாட்டனாருக்கும் வேறு வழி கிடையாது. ரோட்டில் போகக் கூடாதவன் வரப்பில் போவான், கரையில் போவான், எதிரே ஆள் வந்தால் வயலில் இறங்கி நிற்பான். வண்டி வராத வழி என்று நான் கொண்டாடுகிற வழி, வழி மறுக்கப்பட்டவர்கள் கால் பதித்துக் கண்ட வழி. எனக்கு அது உல்லாசம், அவருக்கு அது தண்டனை. இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போனோம்.

இந்த இடத்தில் மறுபடி ஆல்ப்ஸுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஸ்விட்ஜர்லாந்தில் கிரௌபுண்டன் என்ற மலை மாநிலம். 1900-இல் அங்கே எல்லா ரஸ்தாக்களிலும் மோட்டார் வண்டி ஓடக் கூடாது என்று தடை போட்டார்கள். மோட்டாரில் வந்த பணக்காரர்கள் மாநில எல்லையில் குதிரையைக் கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. தடையை நீக்கலாமா என்று வாக்கெடுப்பு மேல் வாக்கெடுப்பு வைத்தார்கள். குடியானவர்கள் கூடாது, கூடாது என்று ஓட்டுப் போட்டார்கள். எங்கள் வரிப் பணத்தில் எங்கள் கையால் போட்ட ரோடு, அதில் எங்கள் பிள்ளைகளும் மாடுகளும் பயமில்லாமல் நடக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். கடைசியில் 1925-இல்தான் தடை நீங்கியது. செர்மாட் என்ற மலைக் கிராமத்தில் இன்றைக்கும் பெட்ரோல் கார் நுழைய முடியாது. காரைக் கீழே விட்டுவிட்டு ரயிலில் ஏற வேண்டும்.

1925! அதே வருஷம்தான் வைக்கத்தில் மூன்று பாதைகள் திறந்தன. அங்கே மலையாட்கள் மனிதர்களுக்காக வண்டியைத் தடுத்தார்கள். இங்கே ராஜ்யம் மனிதர்களையே தடுத்தது. இரண்டு இடத்திலும் ரஸ்தா அமைதியாகத்தான் இருந்திருக்கும். தூரத்திலிருந்து ஒருவன் சித்திரம் எழுதியிருந்தால் இரண்டு சித்திரமும் ஒரே மாதிரி அமைந்திருக்கும். மரம், நிழல், காலியான பாதை. காலியான பாதையைப் பார்த்து அழகு என்று சொல்வதற்கு முன்னால், அது எதனால் காலியாயிற்று என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போது எங்கள் ஊர்க் கரைகளுக்கு வேறு ஆபத்துகள் வந்திருக்கின்றன. நால்வழிச் சாலைக்காக வயலிலும் குளத்திலும் மண் கொட்டினார்கள். பல கரைகளில் தார் விழுந்துவிட்டது. தார் விழுந்ததும் லாரி வருகிறது. மலையில் 2008 முதல் வனவிலங்குச் சரணாலயம், காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, யானைக்கும் வழி வேண்டும். ஆனால் மாத்தூர்த் தொட்டிப்பாலத்தை நினைத்துப் பார்க்கிறேன். 1966-இல் கட்டியது, 115 அடி உயரம், 28 தூண்கள். இந்தக் குன்றிலிருந்து அந்தக் குன்றுக்குத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகிறது. இன்று அதைப் பார்க்கத்தான் ஜனங்கள் வருகிறார்கள். வரட்டும். ஆனால் நாளைக்கு யாராவது ஒரு யோசனைக்காரர், சானல் கரைகளையும் அழகுபடுத்தி, கம்பி வேலி போட்டு, கேட் வைத்து, சைக்கிள் ஓட்ட இவ்வளவு கட்டணம் என்று பலகை மாட்டினால்? அப்போது புல்லுக்கட்டுக்காரி எந்த வழியாகப் போவாள்? பலகை புதிது, எழுத்து வேறு. இந்தத் தெருக்கள் ஏற்கெனவே ஒரு பலகையைப் பார்த்தவை.

சில மாதங்களுக்கு முன்னால் அந்தப் பெரியவரின் பேரனைப் பார்த்தேன். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "அண்ணாச்சி" என்று என்னைக் கூப்பிடுகிறார். நான் அவரை "சார்" என்கிறேன். எங்கள் இருவருடைய தாத்தாக்களும் கேட்டிருந்தால் திகைத்துப்போயிருப்பார்கள். காலையில் அவரும் சைக்கிள் ஓட்டுகிறார், டாக்டர் சொன்னாராம். நான் உற்சாகமாக, "கரை வழியே போவோமா, சார்? உங்க தாத்தா காட்டின வழி எல்லாம் எனக்கு இன்னும் தெரியும்" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தார்.

"நீங்க போங்க, அண்ணாச்சி. நான் தினமும் ரத வீதியைச் சுற்றித்தான் சவுட்டுகேன். நாலு சுற்று. கார் வருது, ஆட்டோ வருது, புகைதான். ஆனா எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

நான் பதில் பேசவில்லை. கரையின் அழகைப் பற்றி அவரிடம் சொல்வதற்கு எனக்கு என்ன இருக்கிறது? மறுநாள் காலையில் போய் அவரோடு நாலு சுற்றுச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் எனக்கு மூச்சு வாங்கியது. தெரு முனையில் ஒவ்வொரு முறையும், அந்தப் பெரியவர் இறங்கி நின்ற இடத்தில், பேரன் மணியை ஒரு முறை அடித்துவிட்டுத் திரும்பினார். அங்கே எதிரே யாரும் வரவில்லை.

தடிக்காரன்கோணத்துப் பையன்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். தம்பிகளே, வண்டி வராத பாதை இங்கே நிறைய இருக்கிறது. டீக்கடையிலிருந்து கீழே இறங்கி யாரிடமாவது சானல் கரை எங்கே என்று கேளுங்கள், காட்டுவார்கள். தண்ணீரோடு சேர்ந்து போங்கள், கால் வலிக்காது. ஒரே ஒரு மரியாதையை மட்டும் மறக்க வேண்டாம். கரை குறுகலாக இருக்கும். எதிரே தலையில் புல்லுக்கட்டோடு யாராவது வருவார்கள். அவர்கள் பழக்கத்தால் ஒதுங்கி நிற்கப் பார்ப்பார்கள். நீங்கள் முந்திக்கொண்டு இறங்குங்கள். விலையுயர்ந்த சைக்கிளானாலும் பரவாயில்லை, வயலில் இறக்கிப் பிடித்துக்கொண்டு, அவர்களுக்கு வழி விடுங்கள்.